இடக்கைப் பக்கம் இருந்தவள்

சுசிலா முதலில் வெறுத்தது அந்தக் கதிரையைத்தான்.

பச்சைப் பிளாஸ்ரிக் கதிரை. ஒரு கால் சற்று வளைந்தது. புருசன் யோசெப்பை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜெயரூபினி அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். கட்டிலின் வலப்பக்கம், வாசலோரமாகப் போட்டாள். அதில் தானே இருந்தாள்.

"உங்கட வீட்டில கதிரை காணாதெண்டு எனக்குத் தெரியும் தங்கச்சி" என்றாள்.

போகும்போது எடுத்துக்கொண்டு போவாள் என்று சுசிலா பார்த்திருந்தாள். அவள் எடுக்கவில்லை. நாளைக்கும் வருவேன் என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டு கதிரை அங்கேயே நின்றது.

ஜெயரூபினி யோசெப்பின் தாய்மாமன் மகள். உரிமையுள்ள மச்சாள். சின்ன வயதிலேயே இரண்டு வீட்டாரும் பேசி வைத்திருந்த பெண். நாயாற்றுக் கரையில் எல்லோரும் யோசெப்புக்கு ரூபினிதான் என்று நினைத்திருந்த காலத்தில், கோயில் திருவிழாவுக்கு வேறு கரையிலிருந்து வந்த சுசிலாவை யோசெப் பார்த்துவிட்டார். அதன் பிறகு அவர் வேறு ஒருத்தியைப் பார்க்கவில்லை. மாமன் வீட்டோடு கதை முறிந்தது. ரூபினியை வேறு ஓர் இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அவளுடைய புருசன் ஒருநாள் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. வெள்ளைச் சட்டையோடு தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்த ரூபினியைக் கட்டிப்பிடித்து அழுதவர்களில் சுசிலாவும் ஒருத்தி. அந்த அழுகை உண்மையானதுதான். ஆனால் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த அந்த நேரத்திலிருந்து அவளுடைய கண் ரூபினியின் வாசலைப் பார்க்கத் தொடங்கியது.

இத்தனை வருசத்தில் ரூபினி ஒரு பிழையும் செய்ததில்லை. சுசிலாவுக்கு அதுதான் கூடுதல் எரிச்சல். பிழை செய்கிறவளோடு சண்டையாவது பிடிக்கலாம்.

கலியாணத்தன்று பீடத்துக்கு முன்னால், பயத்தில், சுசிலா மாப்பிள்ளையின் வலப்பக்கம் போய் நின்றுவிட்டாள். யோசெப்பின் தாய் பின்னாலிருந்து வந்து அவளுடைய முழங்கையைப் பிடித்து மற்றப் பக்கம் இழுத்து விட்டாள். "பெண்சாதியின்ர பக்கம் இதுதான் பிள்ளை, நெஞ்சுப் பக்கம். இதை விட்டு அரக்கிப்போடாத." மாமியார் சொன்ன மற்ற எதையும் சுசிலா இவ்வளவு ஒழுங்காகப் பிடித்ததில்லை. கரையில் புருசனும் பெண்சாதியுமாக வலையில் மீன் கழற்றும்போது அவள் அவருடைய இடக்கைப் பக்கம்தான் இருப்பாள். அவர் வலக்கையால் மீனைக் கூடைக்கு வீசுவார். அவள் இந்தப் பக்கம் இருந்து வலையை இழுத்து இழுத்துக் கொடுப்பாள். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் மூட்டையோடும் பிள்ளையோடும் நடந்தபோதும் அந்த இடது தோளோடு தோளாகத்தான் நடந்தாள். ஊர் திரும்பி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இந்தச் சின்ன வீட்டிலும் அவளுடைய பாய் அவருடைய கட்டிலுக்கு இடப்பக்கம்தான்.

பாரிசவாதம் வந்ததும் கரையில் வைத்துத்தான். வலையைப் பிடித்திருந்த அவருடைய இடக்கை திடீரென்று நழுவியது. "என்ன, கை அலுத்துப்போச்சோ?" என்று கேட்டுக்கொண்டு அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய வாய் ஒரு பக்கம் கோணிப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கிடைத்தது மூலைக் கட்டில். இடப்பக்கம் முழுக்கச் சுவர். அதனால் வேறு வழியில்லாமல் சுசிலா வலப்பக்கம் ஸ்ரூலைப் போட்டுக்கொண்டு இருந்தாள். அந்த நாட்களை நினைத்தால் இப்போது அவளுக்கு நெஞ்சு வெடிக்கும். அவர் அவளுடைய கையை விடாமல் பிடித்திருந்தார். கோணிய வாயால் பகிடி விட்டார். சோறு ஊட்டினால் வாயைத் திறந்துகொண்டு அவள் முகத்தையே பார்த்தார். "மூளையின்ர வலப்பக்கத்தில அடைப்பு. பேச்சுத் தப்பினது பெரிய காரியம். இனிப் பயிற்சிக்குக் கிளினிக்குக்குக் கூட்டி வாங்கோ" என்று டொக்டர் சொன்னார். பேச்சுத் தப்பியது, புருசன் தப்பினார் என்று மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மாறிப் போனார்.

ரூபினி வந்து பச்சைக் கதிரையில் இருந்தால் அவருடைய முகம் முழுக்க அவள் பக்கம் திரும்பிவிடும். சுசிலா குசினியிலிருந்து வந்து முன்னால் நின்று தேத்தண்ணி நீட்டினால் ஒரு சிரிப்பு வரும். இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அவள் தன்னுடைய இடத்தில், இடக்கைப் பக்கம், போய் இருந்தாளோ இல்லையோ, அவள் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"இஞ்சால வந்து இரன் தங்கச்சி, இஞ்சதான் காத்து வருது" என்று ஒருநாள் ரூபினி எழுந்து கதிரையைக் காட்டினாள்.

"எனக்குக் காத்து வேண்டாம்" என்றாள் சுசிலா. "என்ர இடம் எது எண்டு எனக்குத் தெரியும்."

மச்சாள் இருந்து சூடாக்கின கதிரையில் போய் இருப்பதா? பீடத்துக்கு முன்னால் கிடைத்த பக்கத்தை ஒரு பிளாஸ்ரிக் கதிரைக்காக விட்டுக்கொடுப்பதா? அவள் பாயை இன்னும் கொஞ்சம் கட்டிலோடு நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு நடந்தவற்றை நெஞ்சில் கல் அடுக்குவதுபோல் அவள் அடுக்கி வைத்திருந்தாள்.

ஒருநாள் ஒட்டி மீன் குழம்பு வைத்தாள். அவருக்குப் பிடித்த கறி. முள்ளுப் பார்த்து எடுக்க வசதியாக மீனைச் சோற்றுக் கோப்பையின் இடப்பக்கம் வைப்பது அவளுடைய வழமை. மடியில் கோப்பையை வைத்துக்கொண்டு யோசெப் சாப்பிட்டார். வலப்பக்கத்துச் சோறு மட்டும் முடிந்தது. மற்றப் பாதி வரம்பு கட்டி விட்டதுபோல அப்படியே கிடந்தது.

"இண்டைக்கு மீன் இல்லையோ?" என்று அவர் ரூபினியிடம் கேட்டார்.

"கண்ணுக்கு முன்னால கிடக்குது" என்றாள் சுசிலா.

அவர் ரூபினியைத்தான் பார்த்தார். "எங்க கிடக்குது?"

"பொறுங்கோ மச்சான்." ரூபினி கோப்பையை எடுத்து, கீழே சிந்திய சோற்றைத் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இப்போது மீன் அவருடைய வலப்பக்கம் வந்திருந்தது.

"ஆ, ரூபினி மீன் கொண்டந்திருக்கிறாள். இதெல்லோ குழம்பு."

"ஐயோ, இது தங்கச்சி வைச்ச கறி மச்சான்."

"ஆர் வைச்சால் என்ன, கொண்டந்தது நீதானே."

விடியற்காலையில் கரைக்குப் போய், நல்ல மீனாகப் பொறுக்கி, புளி கரைத்து, அடுப்பூதிக் கண் சிவந்தவள் யார்? பேர் வாங்கியவள் யார்? சுசிலா உள்ளே போனாள். அன்றைக்கு ரூபினிக்குக் கொடுத்த தேத்தண்ணியில் சீனி அரைக்கரண்டிதான் விழுந்தது. ரூபினிக்கு நல்ல இனிப்பாக வேண்டும் என்று ஊருக்கே தெரியும்.

"சீனி முடிஞ்சு போச்சக்கா" என்றாள், போத்தலைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு.

இன்னொரு நாள் யோசெப் தானே சவரம் செய்யப் போவதாக அடம்பிடித்தார். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் கவனமாக வழித்தார். வலக் கன்னம் பளபளத்தது. இடக் கன்னத்தில் நரைத்த தாடி அப்படியே நின்றது.

"என்ன மச்சான், பாதிச் சம்பளத்துக்கோ வேலை செய்தனீங்கள்?" என்று ரூபினி சிரித்தாள்.

"முழுக்க வழிச்சாச்சு. உனக்குக் கண் பிழை" என்று அவரும் சிரித்தார்.

சுசிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரூபினி பார்க்கிற பக்கத்தை மட்டும் வழித்திருக்கிறார். பெண்சாதி பார்க்கிற பக்கத்துக்கு இந்தத் தாடி போதும் என்று விட்டிருக்கிறார். இதைவிட ஒரு மனுசன் எப்படிச் சொல்வான்?

அதைவிடவும் கொடுமை அவருடைய மறுமொழி. "இஞ்சாருங்கோ, தண்ணி வேணுமோ?" என்று சுசிலா இடப்பக்கம் இருந்து கேட்பாள். அவர் ரூபினியைப் பார்த்து, "ஓம், கொஞ்சம் சுடுதண்ணியாத் தா" என்பார். கேள்வி கேட்டவள் ஒருத்தி, பதில் வாங்கியவள் இன்னொருத்தி. ரூபினி தடுமாறிப் போய் எழும்புவாள். சுசிலா அதற்கு முன் எழும்பி, செம்பைச் சத்தம் வரக் கழுவுவாள்.

நெஞ்சில் அடுக்கிய கடைசிக் கல் அவருடைய கையால் வந்தது. உணர்வில்லாத இடக்கைக்கு அவள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையில்தான் கலியாண மோதிரம். தேய்த்து முடித்து அவருடைய நெஞ்சின் நடுவே கையைத் தூக்கி வைத்தாள். யோசெப் குனிந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"இது ஆற்ற கை? பாரமாக் கிடக்கு. எடு அங்கால."

அவள் மோதிரத்தைப் பார்த்தாள். இத்தனை வருசத்து உப்புத் தண்ணியில் தேய்ந்த மோதிரம். அதைப் போட்டிருந்த கையையே இது யாருடையது என்று கேட்டுவிட்டார். சுசிலா குசினிக்குள் போய், பச்சை விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டு அழுதாள். யாராவது வந்தால் புகை என்று சொல்லலாம்.

பிறகு ஓமந்தையில் கட்டிக் கொடுத்திருந்த மகள் நிதர்சனாவுக்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, அப்பா வருத்தக்காரன். வருத்தக்காரரோட ஆரும் கோவிக்கிறதோ?"

"வருத்தம் எனக்கு முன்னாலதான் வருது பிள்ளை. அவள் வந்து இருந்தால் பறந்திடுது."

"ரூபினி மாமி பாவமம்மா."

"ஓம், எல்லாருக்கும் அவள்தான் பாவம்."

"அப்ப இஞ்ச வாங்கோ. கொஞ்ச நாள் நிண்டிட்டுப் போங்கோ."

"கொஞ்ச நாளெல்லாம் இல்லை. வந்தால் வந்ததுதான்" என்றாள் சுசிலா.

அவள் முடிவு எடுத்துவிட்டாள். வருகிற கிளினிக் நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாள். அது கடமை. காட்டி முடிந்ததும், "இந்தா உன்ர மச்சான், நீயே பார்" என்று ரூபினியிடம் சொல்லிவிட்டு, அப்படியே வவுனியா பஸ் ஏறி ஓமந்தையில் இறங்கிவிடுவாள். மூன்று உடுப்பும் செபமாலையும் வைத்துக் கட்டிய பையைப் பழைய சேலையொன்றுக்குள் மறைத்துவிட்டாள். சொல்லப் போகும் அந்த வசனத்தை அடுப்படியில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் "உன்ர மச்சான்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு அடுப்பை ஊதினாள்.

கிளினிக்குக்கு ஓட்டோவில் போனார்கள். யோசெப் நடுவில். கை கொடுத்து ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும் என்று ரூபினியும் ஏறிக்கொண்டாள், அவருடைய வலப்பக்கம். வழி முழுக்க யோசெப் பாலத்தைக் காட்டினார், களப்பில் நின்ற கொக்கைக் காட்டினார், ஆருடைய வள்ளம் கரையில் ஏறிக் கிடக்கிறதென்று சொன்னார். எல்லாம் ரூபினிக்கு. இடப்பக்கம் சுசிலா பையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, காற்றில் கண்ணீர் காயட்டும் என்று முகத்தை வெளியே நீட்டியிருந்தாள்.

கிளினிக்கில் பயிற்சி கொடுக்கிறவள் ராஜினி மிஸ். கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளை. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டி, வயல் செய்து பிழைத்த குடும்பத்தில் பிறந்து படித்தவள். மெல்லிய உருவம், கணீரென்ற குரல். அவள் யோசெப்பின் வலப்பக்கம் நின்று கதை கேட்க, யோசெப் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். மகள் வயதுப் பிள்ளையோடும் இவருக்குச் சிரிப்பு வருகிறது, எனக்கு மட்டும்தான் இல்லை என்று சுசிலாவுக்கு அதற்கும் எரிந்தது.

"வீட்டில எப்பிடியம்மா இருக்கிறார்?" என்று ராஜினி கேட்டாள்.

இவ்வளவு நாளும் அடக்கி வைத்தது ஒரேயடியாக வெளியே வந்தது. "வீட்டிலயோ? ராசா மாதிரி இருக்கிறார் மிஸ். பெண்சாதிதான் ஆளில்லை. நான் வைச்ச சோத்தில பாதியைத் தள்ளி விடுறார். மற்றவை தொட்டுக் குடுத்தால் இனிக்குது."

ரூபினி தலையைக் குனிந்துகொண்டாள்.

ராஜினி சிரிக்கவில்லை. "எந்தப் பாதியம்மா மிஞ்சுறது?"

"என்ர பாதி."

"எண்டால்?"

"நான் இருக்கிற பக்கம். இடக்கைப் பக்கம்."

"வேற?"

"சவரம் செய்தால் அவ பாக்கிற பக்கம் மட்டும் வழிக்கிறார். என்ர பக்கம் தாடி."

"அதுவும் இடப்பக்கமோ?"

"ஓம். மோதிரம் போட்ட கையை ஆற்ற கை எண்டு கேக்கிறார். கேள்வி நான் கேட்டால் பதில் அவவுக்குச் சொல்லுறார். இன்னும் சொல்லவோ?"

"காணும் அம்மா" என்றாள் ராஜினி. அவளுடைய முகம் மாறியிருந்தது. "நீங்கள் சொன்னது எல்லாம் ஒரே பக்கத்தில நடக்குது, கவனிச்சனீங்களோ?"

சுசிலா கவனித்திருக்கவில்லை. எல்லாம் ஒரே மனுசியால் நடக்கிறது என்றுதான் கவனித்திருந்தாள்.

ராஜினி ஒரு வெள்ளைத் தாளை யோசெப்பின் முன்னால் வைத்து, அது நகராமல் மேசையோடு ஒட்டினாள். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள், கொட்டிச் சிந்தின ஈர்க்குத் துண்டுகள் மாதிரி.

"ஐயா, இதில இருக்கிற எல்லாக் கோட்டையும் ஒவ்வொண்டாக் குறுக்கால வெட்டி விடுங்கோ. ஒண்டையும் விடாதையுங்கோ."

யோசெப் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கவனமாக வெட்டினார். வலப்பக்கத்தில் ஒன்றும் தப்பவில்லை. நடுத்தாளுக்கு வந்ததும் பேனையை வைத்தார். "முடிஞ்சுது பிள்ளை."

"வடிவாப் பாத்தியளோ?"

"கடல்ல மிதப்புத் தேடுற கண் இது. ஒண்டும் விடமாட்டன்."

தாளின் இடப்பக்கம் ஒரு கோடுகூட வெட்டப்படாமல் கிடந்தது. சுசிலா எட்டிப் பார்த்தாள். பகிடிக்குச் செய்கிறாரோ என்று அவருடைய முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் பகிடி இல்லை. வேலையை முடித்த திருப்திதான் இருந்தது.

பிறகு ஒரு நீளக் கோடு போட்டு, அதன் நடுவைக் காட்டச் சொன்னாள் ராஜினி. அவர் வலக்கரையோடு ஒட்டி நடுவைக் குறித்தார். மணிக்கூடு ஒன்று கீறச் சொன்னாள். வட்டம் நன்றாக வந்தது. எண்கள் எல்லாம் வலப்பக்கத்தில், கோடை வெயிலுக்கு ஒரே மரநிழலில் ஒதுங்கின ஆடுகள் மாதிரி நெருங்கிக்கொண்டு நின்றன. இடப்பக்கம் வெறுமை. யோசெப் குனிந்தபடி முள்ளுக் கீறுவதில் மூழ்கியிருந்தார்.

"அம்மா, ஐயாவுக்குக் கண்ணில பிழை இல்லை" என்றாள் ராஜினி மெதுவாக. "மூளையின்ர வலப்பக்கம் அடிபட்டால் சில ஆக்களுக்கு இப்பிடி வரும். இடப்பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறதையே மூளை கணக்கில எடுக்காது. அங்க ஒண்டும் இல்லையெண்டு நினைக்கிறேல்லை, அங்க எண்டு ஒரு இடமே அவருக்கு இல்லை. அதாலதான் தேடவும் மாட்டார். பேச்சு நல்லா இருக்கிறதால ஆருக்கும் இது லேசில பிடிபடாது."

சுசிலாவின் மனம் உடனே இளகிவிடவில்லை. பொறாமைக்கு வேர் ஆழம்.

"அப்ப என்ர குரல்? காது ரெண்டும் கேக்குதெல்லோ?"

"கேக்குது. ஆனா அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது தெரியாததால, இஞ்சால கண்ணுக்குத் தெரியிற ஆள்தான் கதைச்சதெண்டு மூளை எடுத்துக்கொள்ளும்."

"படிச்ச பிள்ளை, அவரை நல்லாத்தான் காப்பாத்துறியள்."

ராஜினி வாதாடவில்லை. "ஆஸ்பத்திரியில உங்களோட எப்பிடி இருந்தவர்?"

"நல்லா இருந்தவர். கையை விட்டதில்லை."

"அங்க நீங்கள் எந்தப் பக்கம் இருந்தனீங்கள்?"

மூலைக் கட்டில். இடப்பக்கம் சுவர். ஸ்ரூல் வலப்பக்கம்.

"அம்மா, ஒருக்கா எழும்பி அந்தக் கதிரைக்கு வாங்கோ. ரூபினி அம்மா உங்கட இடத்துக்குப் போகட்டும்."

"அது அவவின்ர கதிரை" என்றாள் சுசிலா. உண்மையில் அவள் பயந்தாள். மாறி இருந்து, அப்போதும் அவர் ரூபினியைத் தேடித் திரும்பினால்? இப்போதாவது சந்தேகம் என்று ஒரு சின்ன மறைப்பு இருக்கிறது. அதுவும் போய்விட்டால் ஓமந்தை பஸ் தவிர வேறு என்ன மிஞ்சும்?

ரூபினி தானே எழும்பினாள். "வா தங்கச்சி" என்று கையைப் பிடித்துத் தூக்கி, தன்னுடைய கதிரையில் அவளை இருத்தினாள். பிறகு சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் இருந்தாள்.

யோசெப் தலையை நிமிர்த்தினார். வலப்பக்கத்தில் பெண்சாதியின் முகம். அவருடைய கோணிய வாய் துடித்தது.

"சுசி. எப்ப வந்தனீ?"

அவள் கதிரையை அவருக்கு இன்னும் கிட்ட இழுத்தாள்.

"இவ்வளவு நாளும் எங்க போனனீ? ஆஸ்பத்திரியில பக்கத்திலயே இருந்தாய். வீட்ட வந்தாப் பிறகு வாறாய், தேத்தண்ணியைத் தாறாய், ஓடிப்போறாய். உன்ர குரல் கேக்கும், பாத்தால் ரூபினி இருப்பாள்." அவர் வலக்கையால் தன்னுடைய வாயைத் தடவினார். "முகம் கோணினதுக்குப் பிறகு உனக்கு என்னைப் பாக்கப் பிடிக்கேல்லை, அதுதான் குசினிக்குள்ளயே நிக்கிறாய் எண்டு நினைச்சன். கேக்க வெக்கமாக் கிடந்துது."

மடியிலிருந்த பை நழுவி விழுந்தது. சுசிலா அவருடைய கன்னத்தை, தாடி வழித்த கன்னத்தையும் தாடி நின்ற கன்னத்தையும், இரண்டு கையாலும் பிடித்தாள். ஊருக்கு முன்னால் புருசனைத் தொட்டறியாத மனுசி அவள். அன்று கிளினிக் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

"நான் பக்கத்திலதான் இருந்தனான். பாயை இன்னும் கிட்டக் கொண்டந்து போட்டுக்கொண்டு இருந்தனான்" என்று மட்டும் சொன்னாள்.

"மச்சான்" என்று இடப்பக்கத்திலிருந்து ரூபினி கூப்பிட்டாள்.

யோசெப் சுசிலாவையே பார்த்தார். "ரூபினி வெளியில நிண்டு கூப்பிடுறாள் போல கிடக்கு. என்னெண்டு கேள்."

ரூபினியின் முகம் ஒரு நொடி வாடியது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டு இல்லாமல் போவது என்னவென்று அவளுக்கும் விளங்கியது. அந்த நொடியில் சுசிலாவின் நெஞ்சில் எழுந்தது இரக்கம் என்று சொன்னால் அது பொய். பட்டுப் பார் என்று ஒரு குரல்தான் எழுந்தது. பிறகுதான் வெட்கம் வந்தது.

வெளியில் ஓட்டோவுக்குக் காத்து நிற்கும்போது ரூபினி கீழே விழுந்த பையை எடுத்துக் கொடுத்தாள். அதன் பாரத்தைக் கை கண்டுபிடித்திருக்க வேண்டும். எங்கே போகப் புறப்பட்டாய் என்று அவள் கேட்கவில்லை.

"ஒண்டு சொல்லுறன் தங்கச்சி. என்னைப் பாத்து அவர் கனக்கக் கதைச்சவர்தான். யோசிச்சுப் பாத்தால் முக்காவாசி உன்ர கேள்விக்கு மறுமொழி." அவள் வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்குக் கிடைச்சதெல்லாம் உனக்கு வந்ததுதான்."

சுசிலா பையை வாங்கிக்கொண்டாள். பதிலாக ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல நினைத்தாள். ஓட்டோ வருகிறதா என்றுதான் எட்டிப் பார்த்தாள். முப்பது வருசத்துப் பழக்கம் ஒரே பகலில் விட்டுப்போகாது.

வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ராஜினி சொல்லிக் கொடுத்திருந்தாள். முதலில் அவருக்குத் தெரிகிற பக்கம் நின்று கதைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றப் பக்கம் இழுக்க வேண்டும். எந்த வேலை தொடங்கினாலும் இடக்கரையைக் கண்டுபிடித்துவிட்டுத் தொடங்க அவரைப் பழக்க வேண்டும். அதற்கு அங்கே பளிச்சென்று ஏதாவது அடையாளம் இருக்கட்டும். சுசிலா பழைய வலையிலிருந்து ஒரு சிவப்பு மிதப்பைக் கழற்றினாள். சாப்பாட்டு நேரம் கோப்பைக்கு இடப்பக்கம் அதை வைத்தாள். சவரம் செய்யும்போது கண்ணாடியின் இடக்கரையில் கட்டித் தூக்கினாள். "சிவப்பைப் பிடிச்சாச்சோ?" என்பாள். அவர் தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவார். சில நேரம் கோபப்படுவார். "இஞ்ச ஒண்டும் இல்லை" என்று சத்தம் போடுவார். அவள் அவருடைய கையைப் பிடித்து மிதப்பின் மேல் வைத்து, "இருக்கு" என்பாள். தேங்காய்ச் சம்பலைத் தேடிக் கண்டுபிடித்த நாளில் இருவரும் சின்னப் பிள்ளைகள் போல் சிரித்தார்கள்.

ராஜினி சொன்னவற்றில் சுசிலாவுக்கு மிகவும் பிடித்தது ஒன்று இருந்தது. வருகிற ஆட்களை இடப்பக்கம் இருத்தினால் அவர் திரும்பிப் பார்க்கப் பழகுவார் என்றது. வீடு வந்த அன்றே பச்சைக் கதிரையைத் தூக்கிக் கட்டிலின் இடப்பக்கம் போட்டாள்.

"மிஸ் சொன்னவ அக்கா. வாற ஆக்கள் இதிலதான் இருக்க வேணுமாம்."

"மிஸ் சொன்னால் சரிதான்" என்று ரூபினி போய் இருந்தாள்.

வலப்பக்கம் சுசிலா இருந்தாள். நாட்கள் போயின. ரூபினி இடப்பக்கம் இருந்து சந்தைக் கதை சொல்வாள், கோயில் கதை சொல்வாள். யோசெப் சுசிலாவைப் பார்த்துக்கொண்டே, "அப்பிடியோ?" என்பார். சுசிலா மனதுக்குள் தேன் குடித்தாள். இது பாவம் என்று தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டாள். சில நாட்களில் ரூபினி கதையை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பாள். ஆனால் வராமல் விடவில்லை. ஆள் இருந்தால்தானே அவருக்குத் திரும்பப் பயிற்சி.

ஒரு பின்னேரம் யோசெப் வலை கேட்டார். சுசிலா பழைய துண்டு ஒன்றை அவருடைய மடியில் விரித்து, இடக்கரையில் சிவப்பு மிதப்பைக் கட்டிவிட்டாள். அவர் வலக்கையால் வலையைத் தடவிக்கொண்டு போனார். நடுவுக்கு வந்ததும் வழமைபோல் நின்றார். பிறகு, யாரும் சொல்லாமலே, தலையைத் திருப்பினார். இன்னும் கொஞ்சம். விரல் கண்ணி கண்ணியாக நகர்ந்து மிதப்பைப் பிடித்தது. கண் அதோடு நிற்கவில்லை. மிதப்பைத் தாண்டிப் போய், ஒரு கதிரைக் காலைக் கண்டது, வளைந்த காலை. அப்படியே ஏறி, ஒரு முகத்தில் வந்து நின்றது.

சுசிலா பார்த்திருந்தாள். இத்தனை நாள் செபித்தது இதற்குத்தான். ஆனால் அந்தப் பக்கம் விடிந்ததும் அவர் முதலில் கண்ட முகம் யாருடையது? அவள்தான் அந்தக் கதிரையை அங்கே போட்டாள். தன்னுடைய கையாலேயே போட்டாள். மாதாவே, இதையும் எனக்குத்தான் வைத்திருந்தாயா என்று உள்ளுக்குள் ஒரு முள் ஏறியது.

யோசெப்பின் புருவம் சுருங்கியது.

"ரூபினி, நீ என்ன அதில இருக்கிறாய்?"

"ஏன் மச்சான்?"

"அது சுசியின்ர பக்கமெல்லோ. எழும்பு. அவளை வர விடு."

ரூபினி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "உங்கட மனுசிதான் மச்சான் என்னை இதில கொண்டந்து இருத்தினவ. நான் கேட்டு இருக்கேல்லை." எழும்பி, கதிரையைக் கையில் தூக்கிக்கொண்டு, எங்கே போடுவது என்று சுசிலாவைப் பார்த்தாள்.

"அங்கால, வாசலடியில போடுங்கோ அக்கா. காத்து வரும்" என்றாள் சுசிலா.

பாயைத் தூக்கிக்கொண்டு போய் இடக்கைப் பக்கம் விரித்து இருந்தாள். யோசெப்பின் தலை மெல்ல மெல்லத் திரும்பி, வழியில் ஒருமுறை தவறி, மறுபடி திரும்பி, அவளுடைய முகத்தைக் கண்டுபிடித்தது. அவள் அசையாமல் இருந்தாள், தேடட்டும் என்று. கண்டுபிடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

பிறகு எழும்பிக் குசினிக்குப் போய் மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். ஆவியில் முகம் நனைந்தது. ஆவிதான் என்று வைத்துக்கொள்வோம். சீனிப் போத்தல் நிறைய இருந்தது. யோசெப்புக்குப் போட்டாள். தனக்குப் போட்டாள். ரூபினியின் கோப்பைக்கு மேல் நிறைந்த கரண்டியைக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். வாசலடிக் கதிரையிலிருந்து ரூபினி ஏதோ சொல்ல, யோசெப் அவளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சுசிலா கரண்டியைச் சரித்து, பாதியைப் போத்தலுக்குள் திரும்பக் கொட்டினாள்.